மாத்துனது ஊரைத்தான், தொழிலை இல்ல

நாத்து விட்டு பத்து நாள் ஆச்சு. தண்ணி முறை வெச்சுத்தான் வருது. ராத்திரி மடை பாக்கப் போனா வரப்புல ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருக்க வேண்டியிருக்கு. அப்படி உக்காந்து யோசிச்சதை இன்னைக்கு எழுதுறேன். விவசாயம் பத்தி இல்ல, கால்பந்து பத்தி. இவனுக்கும் கால்பந்துக்கும் என்ன சம்பந்தம்னு சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிச்சுட்டுச் சொல்லுங்க.

எங்க அக்கா மகன் ஒரு கோல்கீப்பர். வயசு 26. தொழிலே அதுதான். பள்ளிக்கூடத்துல ஆரம்பிச்சான், சென்னையில ரெண்டு டீம், பெங்களூர்ல ஒண்ணு, அப்புறம் கேரளா. மலப்புறம் பக்கம் செவன்ஸ்னு ஒரு ஆட்டம் நடக்கும். பக்கத்துக்கு ஏழு பேரு. அறுவடை முடிஞ்ச வயலைச் சமப்படுத்தி, சுத்தி கேலரி கட்டி, ராத்திரி லைட்டு போட்டு ஆடுவாங்க. ஆப்பிரிக்காவுல இருந்தெல்லாம் ஆளுங்க வந்து ஆடுறாங்க. ஒரு மேட்ச்சுக்கு இவ்வளவுன்னு கூலி. சீசன் முடிஞ்சா வேற ஊர் பாக்கணும். ஆறு வருசத்துல ஏழு டீம் மாறிட்டான்.

போன மாசம் அவனுக்கு ஒரு பொண்ணு வீடு பேசி வந்துச்சு. எல்லாம் கூடி வந்த நேரத்துல பொண்ணோட தாய்மாமன் ஒரு கேள்வி கேட்டார்: "தம்பி நிலையா எங்க இருக்காரு?" இவன் மறைக்காம உள்ளதைச் சொன்னான். காப்பி குடிச்சுட்டுப் போனவங்க அப்புறம் போன் எடுக்கல.

அன்னைக்கு ராத்திரி அக்கா அழுதுச்சு. "தம்பி, நீ சொன்னாத்தான் கேப்பான், எங்கயாவது ஒரு இடத்துல நில்லுன்னு சொல்லுடா"ன்னுச்சு. நானும் தாய்மாமன்ங்கிற உரிமையில வாய விட்டுட்டேன். "பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்டா. ஊர் ஊராத் திரியிறவன நம்பி எவன் பொண்ணு குடுப்பான்?"னு கேட்டேன். அவன் ஒண்ணும் பேசல. தட்டுல சோத்தை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டான்.

மறுநாள் காலையில நான் வரப்பு வெட்டிக்கிட்டிருக்கும்போது வந்தான். மம்பட்டிய என் கையில இருந்து வாங்கி வெட்ட ஆரம்பிச்சான். கொஞ்ச நேரம் கழிச்சு, "மாமா, ஒரு கோல்கீப்பர் கதை சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் திட்டுங்க"ன்னான். அந்தக் கதையத்தான் இப்ப உங்களுக்குச் சொல்லப் போறேன்.

அந்த ஆளு பேரு லுட்ஸ் ஃபானன்ஸ்டீல். ஜெர்மனிக்காரர். 1973ல, பவேரியா மாநிலத்துக் காட்டுப் பக்கம் ட்ஸ்வீசல்னு ஒரு சின்ன ஊர்ல பிறந்தவர். கண்ணாடிப் பொருள் செய்யிறதுக்குப் பேர் போன ஊராம். சின்ன வயசுலயே கெட்டிக்கார கோல்கீப்பர். ஜெர்மனியிலயே பெரிய கிளப்பான பேயர்ன் மியூனிக், எங்க ரெண்டாவது டீமுக்கு வான்னு கூப்பிட்டுச்சு. நம்ம ஊர்ல ஒரு பையனுக்கு இப்படி வாய்ப்பு வந்தா பொங்க வெச்சுருப்போம். அவர் வேண்டாம்னுட்டு 1993ல மலேசியாவுக்கு, பினாங்குக்குப் போயிட்டார்.

பைத்தியமான்னு கேட்டேன். அப்பத்தான் அவன் ஒரு விசயத்தைப் புரிய வெச்சான்.

"மாமா, முன்னாடி ஆடுறவன் பரவாயில்ல. பத்து இடம் இருக்கு. கடைசி இருபது நிமிசமாவது உள்ள விடுவாங்க. கோல்கீப்பருக்கு ஒரே இடம். அதுல ஒருத்தன் நின்னுட்டான்னா, அவனுக்குக் கை கால் ஒடிஞ்சாத்தான் அடுத்தவனுக்கு வேலை. ரெண்டாவது ஆளு வருசக்கணக்கா பெஞ்சுல உக்காந்தே வயசாயிடுவான். ஆடணும்னா, எந்த ஊர்ல கோல்போஸ்ட்டு காலியா இருக்கோ அங்க போகணும்."

இதைக் கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. அவன் ஊர் மாறுறது மனசு நிலையில்லாமன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். வேலை இருக்கிற இடத்துக்குப் போறவன நான் திரியிறவன்னு சொல்லிட்டேன்.

லுட்ஸ் போன ஊரைக் கேளுங்க. மலேசியா, இங்கிலாந்து, சிங்கப்பூர், தென்னாப்பிரிக்கா, பின்லாந்து, நியூசிலாந்து, நார்வே, கனடா, அல்பேனியா, அர்மீனியா, பிரேசில், நமீபியா. மொத்தம் 25 கிளப் வரும்ங்கிறாங்க. உலகக் கால்பந்தை ஆறு கண்டப் பிரிவா பிரிச்சிருக்காங்க. ஆறுலயும் தொழில்முறையா ஆடுன முதல் ஆள் இவர்தான். 2008ல பிரேசில்ல ஒரு சின்ன கிளப்புல சேர்ந்தப்ப அந்தக் கணக்கு முடிஞ்சுச்சு. உலகக் கோப்பையில ஆடுனவர் இல்ல. கோடிக்கணக்குல விலை போனவரும் இல்ல.

கதையில சிங்கப்பூர் வந்ததும் மம்பட்டிய நிறுத்தச் சொல்லிட்டு நல்லாக் கேட்டேன். 1999ல இருந்து அவர் அங்க கேலாங் யுனைடெட்னு ஒரு கிளப்புல ஆடியிருக்கார். அதே நேரம் நானும் சிங்கப்பூர்லதான் இருந்தேன், கம்பி கட்டுற வேலையில. ஞாயித்துக்கிழமை ஆனா தேக்காவுல நின்னு ஊர்க்காரங்களோட பேசுறதத் தவிர எனக்கு அந்த ஊர்ல எதுவும் தெரியாது. ஒரே மழையில அவரும் நனைஞ்சிருப்பார், நானும் நனைஞ்சிருப்பேன்.

அங்க அவர் மேல ஒரு வழக்கு வந்துச்சு. சூதாட்டக்காரங்களோட சேந்து ஆட்டத்தைப் பேசி வெச்சு ஆடினார்னு குற்றச்சாட்டு. கோர்ட்டு தண்டனை குடுத்துச்சு. 101 நாள் சிறையில இருந்தார். நான் அந்தத் தப்பைப் பண்ணவே இல்லன்னு இன்னைக்கு வரைக்கும் சொல்றார். எது சரின்னு நான் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனா வெளிநாட்டுல, பாஷை தெரியாத ஊர்ல, வழக்குல மாட்டுனா மனுசன் எப்படி ஒத்தையா ஆயிடுவான்னு எனக்குத் தெரியும். கூட வேலை பாத்தவன் ஒருத்தன் சின்ன விசயத்துக்கு மாட்டி, மூணு நாள் யாரும் எட்டிப் பாக்காம கிடந்தான்.

வெளிய வந்தவரை நியூசிலாந்துல டனிடின்னு ஒரு ஊர் கிளப் சேத்துக்கிச்சு. அங்க ஒரு கூத்து. கடற்கரையில இருந்து ஒரு பென்குவினைத் தூக்கிட்டு வந்து வீட்டுக் குளியல் தொட்டியில விட்டிருக்கார். இதெல்லாம் பாதுகாக்கப்பட்ட ஜீவன், மாட்டுனா நாடு கடத்திடுவாங்கன்னு மத்தவங்க பயமுறுத்தவும், கொண்டுபோய் விட்டுட்டார். இதைச் சொல்லும்போது அக்கா மகன் சிரிச்சான். அந்த வாரத்துல அவன் சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன்.

அடுத்தது சிரிப்பில்ல. 2002 டிசம்பர் 26. இங்கிலாந்துல பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூங்கிற சின்ன கிளப்புக்கு ஆடிக்கிட்டிருக்கார். பந்தைப் பிடிக்கப் பாஞ்சப்ப எதிர் டீம் ஆளோட மோதி விழுந்தார். மூச்சு நின்னுடுச்சு. டீமோட பிசியோ வாயில வாய் வெச்சு ஊதி உயிரைக் கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி போறதுக்குள்ள மூணு தடவை மூச்சு நின்னுச்சாம். ஆட்டத்தை அப்படியே நிறுத்திட்டாங்க. மனுசன் பிழைச்சு, கொஞ்ச நாள்லயே திரும்பவும் கோல்போஸ்ட்டுல போய் நின்னார்.

கொஞ்ச நாள்லயேன்னு அவன் சொன்னப்ப என் இடது கையப் பாத்துக்கிட்டேன். சிங்கப்பூர்ல கம்பி கிழிச்ச தழும்பு இன்னும் இருக்கு. ஆறு தையல். அஞ்சாம் நாள் வேலைக்குப் போனேன். போகலன்னா அன்னைக்குச் சம்பளம் கிடையாது. அவர் எதுக்கு அவசரமா திரும்புனார்னு அவருக்குத்தான் தெரியும். நான் எதுக்குத் திரும்புனேன்னு எனக்குத் தெரியும்.

சரி, இனி என் கருத்துக்கு வர்றேன்.

ஊர் விட்டு ஊர் போயி வேலை பாக்குறவன்கிட்ட நாம எப்பவுமே "ஏன் நிலையா இல்ல?"ன்னுதான் கேக்குறோம். "வேலை பாத்த கூலி வந்துச்சா, அடிபட்டா யார் பாக்குறா?"ன்னு கேக்குறதில்ல. நானே கேக்கல. அதுலயும் என் கதை தெரிஞ்ச நான் கேக்காம விட்டது பெரிய தப்பு.

நம்ம வயலையே பாருங்க. ராமநாதபுரம் பக்கத்துல இருந்து கீதாரி வர்றார். அறுவடை முடிஞ்ச வயல்ல ஆட்டுக்கிடை போட்டுட்டு அடுத்த ஊருக்குப் போறார். அறுப்பு மிஷின் ஓட்டுற பையன் ஒரு ஊர்ல அறுத்து முடிச்சுட்டு அடுத்த ஊருக்குப் போறான். இவங்களை யாராவது நிலையில்லாதவன்னு சொல்றோமா? முன்கூட்டியே போன் போட்டு "எங்க வயலுக்கு எப்ப வர்றீங்க?"ன்னு கெஞ்சுறோம். அவங்க ஊர்தான் மாறுறாங்க, தொழில் மாறல. லுட்ஸும் அப்படித்தான். எந்த நாட்டுக்குப் போனாலும் நின்னது அதே ரெண்டு கம்பத்துக்கு நடுவுலதான். என் அக்கா மகனும் ஏழு டீம் மாறிட்டான், ஆனா 12 வயசுல போட்ட கையுறைய இன்னும் கழட்டல. அப்ப அவன்தானே நிலையா நிக்கிறவன்? நான் சொன்ன பழமொழி இவனுக்குப் பொருந்தாது.

இன்னொண்ணு, இப்படி டீம் விட்டு டீம் போறதே ஒரு காலத்துல லேசான காரியமா இல்ல. பெல்ஜியத்துல ஜான் மார்க் போஸ்மன்னு ஒரு ஆட்டக்காரர். 1990ல அவரோட ஒப்பந்தம் முடிஞ்சுச்சு. பழைய கிளப், சம்பளத்தை நாலுல ஒரு பங்காக் குறைச்சு, வேணும்னா இருன்னுச்சு. பிரான்சுல வேற கிளப் கூப்பிட்டுச்சு. பழைய கிளப்புக்குப் பணம் கட்டாம போக முடியாதுன்னுட்டாங்க. ஒப்பந்தமே முடிஞ்சு போச்சு, அப்பவும் ஆளை விடமாட்டேங்கிறாங்க. அவர் கோர்ட்டுக்குப் போனார். அஞ்சு வருசம் இழுத்து, 1995 டிசம்பர் 15ல ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பு சொன்னுச்சு. ஐரோப்பிய ஒன்றியத்துல ஒப்பந்தம் முடிஞ்சவன் காசு கட்டாம இன்னொரு நாட்டு கிளப்புக்குப் போகலாம்னு ஆச்சு. அதுக்கப்புறம் பெரிய பெரிய ஆட்டக்காரங்க அதுல கோடி கோடியா சம்பாதிச்சாங்க. வழக்கு போட்ட போஸ்மன் பின்னாடி ரொம்பக் கஷ்டப்பட்டார்.

எங்க தாத்தா பண்ணையாளா இருந்தவர். ஒரு பண்ணைய விட்டு இன்னொரு பண்ணைக்குப் போறது அன்னைக்கு நினைச்சுப் பாக்க முடியாதுன்னு எங்க அப்பா சொல்லுவார். 1952ல தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்த கதைய எங்க வீட்டுல சாமி கதை மாதிரி சொல்லுவாங்க. "இந்த இடம் வேணாம், வேற இடம் போறேன்"னு சொல்ற உரிமை சும்மா வந்ததில்ல. அதைப் போய் குறையாப் பேசலாமா?

அதுக்காக இந்தப் பொழப்பு சுகமான பொழப்புன்னு நான் சொல்ல வரல. ஃபிஃப்ப்ரோன்னு உலக ஆட்டக்காரர் சங்கம் ஒண்ணு இருக்கு. 2016ல 54 நாட்டுல, கிட்டத்தட்ட 14,000 ஆட்டக்காரங்களைக் கேட்டு ஒரு அறிக்கை விட்டாங்க. அதுல 41 சதவீதம் பேருக்கு அதுக்கு முந்தின ரெண்டு சீசன்ல சம்பளம் தாமதமா வந்திருக்கு. 45 சதவீதத்துக்கும் மேல மாசம் ஆயிரம் டாலர் கூட வாங்கல. டிவியில பாக்குற காரும் பங்களாவும் விரல் விட்டு எண்ணுற ஆளுங்களுக்குத்தான். மத்தவன் எல்லாம் நம்ம மாதிரிதான். நெல்லைப் போட்டுட்டு, பணம் எப்ப வரும்னு தெரியாம பாஸ்புக்கைத் தூக்கிட்டு அலையிறோம்ல, அதே கதை.

சட்டம் ஒண்ணும் இல்லாம இல்ல. 2018ல ஃபிஃபா ஒரு விதி கொண்டு வந்துச்சு. ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி வெச்சா, எழுத்துல கேட்டு, 15 நாள் கெடு குடுக்கணும். அப்பவும் வரலன்னா ஆட்டக்காரன் ஒப்பந்தத்தை முறிச்சுட்டுப் போகலாம். நல்ல விதி. ஆனா கையில காகிதம் இருக்கிறவனுக்குத்தான் அது உதவும். செவன்ஸ் மாதிரி வாய்ப்பேச்சுல நடக்குற ஆட்டத்துக்கு அது எட்டாது. "பேசுன பணம் எப்பவாவது நின்னிருக்கா?"ன்னு அக்கா மகன்கிட்ட கேட்டேன். "ரெண்டு சீசன் பாக்கி இருக்கு மாமா. அம்மாகிட்ட சொல்லிடாதீங்க"ன்னான்.

எனக்கு நெஞ்சு அடைச்சுப் போச்சு. ஏன்னா 2001ல நானும் இதையேதான் சொன்னேன். கடைசியா வேலை பாத்த கம்பெனியில மூணு மாசச் சம்பளம் வரல. பர்மிட் முடிஞ்சு ஊருக்கு வந்தேன். ஏஜென்ட்டுக்குக் கட்டுன கடன் போக கையில ஒரு கைக்கடிகாரமும் ரெண்டு போர்வையும்தான் மிச்சம். ஊர்ல என்ன சொன்னாங்க தெரியுமா? "மூணு கம்பெனி மாறுனானாம், ஒண்ணுலயும் நிக்கத் தெரியல." சம்பளம் வரலன்னு நான் யார்கிட்டயும் சொல்லல. எங்க அம்மா சாகுற வரைக்கும் சொல்லல. ஏமாந்தவன்னு பேர் வாங்குறதுக்கு நிலையில்லாதவன்னு பேர் வாங்குறது தேவலன்னு இருந்துட்டேன். அதே வார்த்தைய இருபது வருசம் கழிச்சு நான் என் அக்கா மகனைப் பாத்துச் சொல்லியிருக்கேன்.

லுட்ஸோட கதை நல்லபடியாத்தான் முடிஞ்சுச்சு. நமீபியாவுல ஆடிக்கிட்டே பயிற்சியும் குடுத்தார். ஜெர்மனியில ஹோஃபன்ஹைம் கிளப்புல சேந்து, உலகம் பூரா நல்ல ஆட்டக்காரங்களைத் தேடிப் பிடிக்கிற வேலை பாத்தார். 2020ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்னு ஒரு ஊர்ல புதுசா ஆரம்பிச்ச கிளப், டீமை உருவாக்குற பொறுப்பையே அவர்கிட்ட குடுத்துச்சு. 2023ல அந்த டீம் முதல் சீசன்லயே மேற்குப் பிரிவுல முதல் இடம். ஊர் ஊராப் போனப்ப பாத்த மனுசங்க, கத்துக்கிட்ட ஆட்டம், எல்லாம் அங்க உதவியிருக்கும்னு நினைக்கிறேன்.

ஆனா இதைக் காட்டி அவனுக்கு நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன். இப்படி மேல வர்றவன் கொஞ்சம் பேர்தான். மத்தவங்க 35 வயசுல முட்டி தேஞ்சு ஊருக்குத் திரும்புறாங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பயப்படுறதுலயும் நியாயம் இருக்கு. அவங்க பொண்ணு வருசத்துல எட்டு மாசம் தனியா இருக்கணும்ல.

அதனால வரப்புல உக்காந்து அவன்கிட்ட நாலு விசயம் மட்டும் சொன்னேன். ஒண்ணு, இனிமே எந்த டீமா இருந்தாலும் காகிதத்துல எழுதி வாங்கு, பெரிய தொகையா இல்லாட்டியும் பரவாயில்ல. ரெண்டு, கை காலுக்கு ஒரு இன்சூரன்ஸ் போடு. டீம் போடும்னு காத்திருக்காத. மூணு, அடுத்த சீசனுக்குள்ள பயிற்சியாளர் டி லைசென்ஸுக்குப் படிச்சுடு. பந்து விட்டாலும் மைதானம் விடாது. நாலாவது, பாக்கி விசயத்தை உன் அம்மாகிட்ட நீயே சொல்லு. நான் மறைச்ச மாதிரி மறைக்காத.

ஒரு இடத்துல நில்லுன்னு சொல்லல. அக்கா என்னைக் கேட்டது அதுதான். அதை மட்டும் சொல்லல.

அக்காகிட்டயும் பேசிட்டேன். அதுக்கு இன்னும் மனசு ஆறல. "நீயும் அவன் பக்கம் சாஞ்சுட்டியா?"ன்னுச்சு. சாயலக்கா, நேத்து வரைக்கும் தப்பான பக்கம் நின்னேன்னு சொன்னேன். அடுத்த தடவை யாராவது "தம்பி நிலையா எங்க இருக்காரு?"ன்னு கேட்டா, பதில் நான் சொல்றேன்னு சொல்லியிருக்கேன். கோல்போஸ்ட்டுல இருக்காருன்னு சொல்லுவேன்.

ராத்திரியே பாக்கியப் பத்தி அவன் அம்மாகிட்ட சொல்லிட்டானாம். அக்கா அழல. "எந்த ஊரு, எவ்வளவு பணம்?"னு மட்டும் கேட்டுச்சாம். காலையில எனக்குப் போன் வந்துச்சு: "தம்பி, நாத்துப் பறிக்கிறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கு, மலப்புறம் வரைக்கும் போயிட்டு வருவோம்."

போகத்தான் போறேன். 2001ல எனக்காக அப்படி யாரும் வரல. வரச் சொல்லி நான் யாரையும் கேக்கவும் இல்ல.

மடையில தண்ணி சத்தம் கேக்குது. முறை வந்துடுச்சு போல. மிச்சத்தை மலப்புறம் போயிட்டு வந்து எழுதுறேன்.